குறுக்குக் கட்டளையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்



ஓய்வுக்குப் பிறகு என் பழைய கணக்குப் பயிற்சிகளைக் கணினியில் ஏற்றி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். திருத்தங்கள் தொலையாமல் இருக்கட்டும் என்று மென்பொருள் வேலையில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் ‘கிட்’ போட்டுக் கொடுத்தான். லினக்ஸுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதினாரே, அதுதான். "சார், நீங்க எதுக்கு நீளமா அடிக்கணும்?" என்று தன் குறுக்குக் கட்டளைகள் அத்தனையையும் என் மடிக்கணினியில் ஏற்றிவிட்டுப் போனான்.

‘கிட் ஸ்டேட்டஸ்’ என்பதற்கு ‘கிட் எஸ்டி’. சௌகரியம்தான். ‘அன்டூ’ என்றும் ஒன்று இருந்தது. கடைசியாகச் செய்த மாற்றம் மட்டும் போகும் என்று நினைத்து அடித்தேன். அதற்குள் இருந்தது ‘ரீசெட் ஹார்டு’. மூன்று நாளாகத் திருத்திய பின்னக் கணக்குகள் ஒரே நொடியில் போயின. கமிட் செய்யாதது என் தவறு. செய்திருந்தால் ‘ரெஃப்லாக்’ பார்த்து மீட்டிருக்கலாமாம்.

டியூஷனில் ‘மேலும் கீழும் பூஜ்யத்தை அடி’ என்று மட்டும் கற்றுவரும் பிள்ளைகள் உண்டு. 103-இன் கீழ் 203 என்று கொடுத்தால், நடுவிலுள்ள பூஜ்யத்தையும் அடித்து 13-இன் கீழ் 23 என்று எழுதுவார்கள். அடித்துத் திருத்தியிருக்கிறேன். இப்போது அந்தப் பிள்ளை நான்தான்.

நாளைக்கு நூறு தடவை அடிப்பவனுக்குச் சுருக்கம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஸ்டேட்டஸ், லாக், டிஃப் எல்லாம் பார்ப்பதற்கான கட்டளைகள். தவறி அடித்தாலும் எதுவும் கெடாது. தாராளமாகச் சுருக்குங்கள். ரீசெட் ஹார்டு, புஷ் ஃபோர்ஸ், கிளீன் மூன்றையும் முழுதாகவே அடியுங்கள். அடிக்கிற நேரம்தான் யோசிக்கிற நேரம். ‘கிளீன்’ கட்டளையோ, ‘ஃபோர்ஸ்’ சேர்க்காவிட்டால் எதையும் அழிக்க மறுத்துவிடும். கிட்டைச் செய்தவர்களே வைத்த தடை அது. அதையும் சேர்த்து இரண்டெழுத்தில் சுருட்டி வைத்தால் தடை எதற்கு?

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உங்கள் குறுக்குக் கட்டளைக் கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள். ஒரு மாதம் நீளமாக அடிக்கட்டும். பிறகு ‘கிட் கான்ஃபிக்’ வழியாக அவர்களே தங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும்.

என்னிடம் இப்போது மூன்றுதான் இருக்கின்றன. மூன்றும் நானே போட்டவை. பின்னக் கணக்குகளை மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை பதினேழு முடிந்தது. கமிட்டும் செய்துவிட்டேன்.