டிரெய்லரோட வாங்க, மோட்டார் ரூம் கரண்ட் மட்டும் கேக்காதீங்க

மின்சாரக் காருக்குப் பின்னால் ஒரு சின்ன டிரெய்லரைக் கட்டி இழுத்துவந்து, தோப்பில் ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாமா என்று டவுன்காரர்கள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கூடவே, "உங்க மோட்டார் ரூம்லயே சார்ஜ் போட்டுக்கலாமாண்ணா?" என்றும் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு, தாராளமா வாங்க. ரெண்டாவதுக்கு, வேண்டாமுங்க.

முதலில் வண்டிக் கணக்கைப் பார்ப்போம். பாரம்தான் பேட்டரியைத் தின்னும் என்று பலரும் நினைக்கிறார்கள். 750 கிலோ டிரெய்லரை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கூடுதலாக ரெண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். நிஜமாகத் தின்பது காற்று. காரைவிட உயரமான பெட்டி பின்னால் வந்தால், சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை மாதிரி சமதளத்திலேயே சார்ஜ் கரையும். டிரெய்லர் இழுத்தால் ஓடும் தூரம் பாதியாகிவிடுகிறது என்பதுதான் வெளிநாட்டில் இழுத்துப் பார்த்த பலருடைய அனுபவம். 90ல் போகாமல் 60ல் போனால் காற்றுத் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டிராக்டர் ஓட்டுகிற எங்களுக்கு அதுவே ஜெட் வேகம்!

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லரோடு அதில் ஏற வேண்டாம். இறக்கத்தில் பின்பாரம் காரை முன்னே தள்ளும். காரவள்ளி அடிவாரத்துக்கு முன்பே, சமவெளியில் தெரிஞ்ச தோட்டத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, காரில் மட்டும் மலை ஏறுங்க. கிளம்பும் முன்பே உங்க காரில் இழுக்க அனுமதி இருக்கா என்று கம்பெனிப் புத்தகத்தில் பாருங்க. டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு வேணும்.

இப்போ கரண்ட். வீட்டு 16 ஆம்ப் பிளக்கில் சார்ஜ் போட்டால் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். 5 எச்.பி. மோட்டாருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 40 யூனிட் பேட்டரி நிறைய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விவசாய இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் காருக்குச் சார்ஜ் போட்டால், 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் போடலாம். மாட்டுவது நீங்க இல்லை, நாங்க.

சட்டத்தை விடுங்க. இந்தக் கரண்ட் சும்மா வந்ததில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1972ல் கோயம்புத்தூரை மாட்டு வண்டிகளாலேயே நிறைத்தார்கள். அந்தப் போராட்டங்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் 1990ல்தான் வந்தது. "விவசாயி ஓசிக் கரண்ட்டை வீணடிக்கிறான்" என்று டவுனில் பேசுவது எங்க காதுக்கும் வருகிறது. அதே கரண்ட்டில் சுற்றுலாக் காரும் ஓடினால், அந்தப் பேச்சுக்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. பைபாஸில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் திரும்புங்க. ஆனால் அங்கேயும் ஒரு தொல்லை. சார்ஜர் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்து மூலையில்தான் இருக்கிறது, டிரெய்லரைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி கட்டினால் உங்க டிரெய்லருக்கும் ஆகும், நாளைக்கு மின்சார லாரி வந்தால் அதுக்கும் ஆகும். லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தோப்பு நிழலும் கிணத்துத் தண்ணியும் எங்க பொறுப்பு. சார்ஜ் உங்க பொறுப்பு.