பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள்

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் தமிழகப் பள்ளிகளின் கால அட்டவணையில் முதலில் காணாமல்போவது உடற்கல்விப் பாடவேளை. கணக்கில் போர்ஷன் முடியவில்லை, அறிவியலில் மறுதேர்வு வைக்க வேண்டும் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும். பந்தோடு வாசல்வரை வந்துவிட்ட பிள்ளைகள் மறுபடி பெஞ்சில் உட்காரவைக்கப்படுவார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் என்றால் பல பள்ளிகளில் ஜூன் மாதமே மைதானத்துக்குப் பூட்டுதான். பி.டி. பீரியடைக் கடன் கேட்கும் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும்.

அந்தப் பாடவேளை என்ன செய்யும் என்பதற்கு மாரியப்பன் தங்கவேலுவே சாட்சி. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர்; ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதி வலது கால் சிதைந்தது. தாய் கூலி வேலை பார்த்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். வாலிபாலில் நாட்டம் கொண்டிருந்த அந்தச் சிறுவனை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் மாற்றுத்திறனாளிகள் அல்லாதவர்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியோ சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் கூலியில் வளர்ந்தவர். பள்ளிக் காலத்தில் ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். தயங்கிய பாட்டியையும் சம்மதிக்கவைத்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி.

இப்படிப் பதக்க மேடைவரை போகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மற்ற பிள்ளைகளுக்கும் விளையாட்டு அதே அளவு தேவை என்பதே நம் வாதம். குறுவட்டப் போட்டிக்குத் தொடர் ஓட்டம் பழகும் நான்கு மாணவிகளைக் கவனித்துப் பாருங்கள். கோலை வாங்க வேண்டியவள் முன்னால் பார்த்தபடி ஓடத் தொடங்கிவிட வேண்டும். கை மட்டும் பின்னால் விரிந்திருக்க வேண்டும். முதல் நாள் எல்லோருமே திரும்பிப் பார்ப்பார்கள்; வேகம் செத்துவிடும். கோல் கீழே விழும், ஒருத்தியை ஒருத்தி குறை சொல்வார்கள். சில வாரப் பழக்கத்தில் பின்னால் வரும் குரல் கேட்டதும் திரும்பாமலேயே கை நீளும். தோழி கொண்டுவந்து சேர்ப்பாள், நான் பிடித்துவிடுவேன் என்ற தெம்பு அது. விடைத்தாள் கொடுக்கும்போதெல்லாம் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் பெயரை, மைதானத்தில் வகுப்பே கூவி அழைக்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் கை உயர்த்திச் சந்தேகம் கேட்கும்.

தோற்கவும் அங்கேதான் பழகுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி பயிற்சிக்கு வருகிறார்கள். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் மாணவர்களின் உயிரிழப்புச் செய்திகளைப் படித்துக் கலங்கும் சமூகம், தோல்விக்குப் பிறகும் எழுந்து வரப் பழக்கும் ஓர் இடத்தைப் பூட்டிவைப்பது எந்த வகையில் நியாயம்?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் பகுதிநேரப் பணியாளர் போதும் என்று அங்கேயே கையைக் குறுக்கிக்கொள்கிறது. தமிழகம் 2012இல் ஓவியம், தையல், கணினி உள்ளிட்ட பாடங்களோடு சேர்த்து உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமித்தது. பிறகு ஊதியம் உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். சொந்த வாழ்க்கையே உறுதியில்லாத ஆசிரியரிடம் பிள்ளைகளின் நம்பிக்கையை வளர்க்கச் சொல்வது கொடுமை.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளை நடத்திய தமிழகம், 38 தங்கத்துடன் இரண்டாம் இடம் பிடித்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நல்ல முயற்சி. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் பி.டி. ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பள்ளிப் பிள்ளை எந்தச் சான்றிதழை வைத்து அந்த வரிசையில் நிற்கும்? பணம் கட்டித் தனிப் பயிற்சிக்கு அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தச் சலுகைகளும் போய்ச் சேரும்.

மதிப்பெண்தானே ஏழைப் பிள்ளைக்கு ஏணி என்று பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைத்தாலும் 80 நிமிடம்தான். அதையும் பிடுங்கி எந்தப் பாடத்தைக் கரைசேர்த்துவிட முடியும்?

எனவே, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் உட்பட எங்கும் உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும். தேர்ச்சி விகிதம் கேட்கும் மாவட்டக் கல்வி அலுவலர்கள், ஆய்வின்போது இதையும் கேட்க வேண்டும். நடுநிலைப் பள்ளிகளுக்கு முழுநேர உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். பெரிய பெண்ணானதும் பல மாணவிகள் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு உடை மாற்ற அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, பெண் பயிற்றுநர் ஆகியவை கட்டாயம். மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு அருகிலுள்ள கல்லூரி, மாநகராட்சி மைதானங்களைத் திறந்துவிட வேண்டும். தேர்வான பத்துப் பேர் மட்டும் ஆட, மற்றவர்கள் கைதட்டும் நிலை மாறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஓர் அணியில் இடம் கிடைக்க வேண்டும்.

அரசாணைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோரே. கடந்த மாதம் எத்தனை உடற்கல்விப் பாடவேளைகள் நடந்தன என்று அடுத்த கூட்டத்திலேயே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி எழத் தொடங்கினால், பாடவேளையைக் கடன் கேட்கும் துணிவு யாருக்கும் வராது.