சித்தேரிப் பிள்ளைகளுக்கும் 'ஏ.ஐ.' எட்ட வேண்டாமா?

தருமபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் மலை மேல் இருக்கிறது சித்தேரி. சாமையும் புளியும் தேனும் இறங்கி வருகிற மலை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள்.

அந்த மலையில் இருந்து பிள்ளைகளும் இறங்கி வருகிறார்கள், படிப்பதற்கு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி அரசுக் கல்லூரிகளில் சேருகிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிப்பவர்கள் இவர்களில் உண்டு.

இவர்களைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

கல்லூரிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு வருகிறதாம்! வருகிறதென்ன, வந்தே விட்டது. 2022 நவம்பரில் 'சாட் ஜி.பி.டி.' வெளியானது. கேள்வியைத் தட்டினால் கட்டுரை கொட்டுகிறது.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், 2025-ஐ செயற்கை நுண்ணறிவு ஆண்டு என்றே அறிவித்தது. அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில், கல்விக்கான ஏ.ஐ. மையத்துக்கு ரூ.500 கோடி. தமிழக பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்து, முதலில் ரூ.2 ஆயிரம் கோடி ஒதுக்கினார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் பெட்டி வந்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா?

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுமார் 250 பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்கள் போயின. வாத்தியார்களுக்குக் கொடுத்த பயிற்சியோ கொஞ்சம். திட்டம் பிறகு கைவிடப்பட்டது. அந்தக் கதை திரும்பக் கூடாது.

வாத்தியாரை விட்டுவிட்டு...

முதலில் தயாராக வேண்டியவர் யார்? ஆசிரியர்!

அரசு கலைக் கல்லூரிகளில் பாடத்தின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம்! ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.50 ஆயிரம் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. அந்தச் சம்பளத்துக்காக இவர்கள் நடத்திய போராட்டங்கள் கொஞ்சமா?

ஏ.ஐ. பயிற்சி என்று வந்தால், நிரந்தரப் பேராசிரியர் இரண்டு பேரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துவிடக் கூடாது. கௌரவ விரிவுரையாளருக்கும் பயிற்சி வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளமும் வேண்டும்.

அடுத்து மார்க் விவகாரம்.

தருமபுரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இன்டர்னல் மார்க் 25. அதில் 'அசைன்மென்ட்'டும் அடக்கம். போனில் நல்ல வசதி உள்ள பையன் அரை நிமிடத்தில் பத்துப் பக்கம் எடுத்துவிடுவான். மலையில் இருந்து வந்த பிள்ளை ராத்திரி கண் விழித்துக் கையால் எழுதும். இரண்டுக்கும் ஒரே மார்க் என்றால் என்ன நியாயம்?

அதற்காக, மெஷினைத் தொடாதே என்று தடை போட்டால் நடக்காது. எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று பல்கலைக்கழகம் எழுத்தில், தமிழில், தெளிவாகச் சொல்லட்டும். எழுதிக் கொடுத்ததை மாணவன் ஐந்து நிமிடம் வாத்தியார் முன்னால் வாயால் விளக்கட்டும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

இன்னொன்று. இந்த மெஷின் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. தப்பையும் கூசாமல் சொல்லும்.

'மலையாளி' என்று கேட்டால் அது கேரளத்துக்குப் போய் நிற்கலாம். சித்தேரி மலையாளிகள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். தன் சனத்தைப் பற்றி மெஷின் உளறினால், "தப்பு" என்று சொல்லும் துணிச்சல் அந்த மாணவனுக்கு வர வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் ஏ.ஐ. பாடம். பட்டனைத் தட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

சிக்னல் எங்கே?

சித்தேரி ஊராட்சியில் அரசநத்தம், கலசப்பாடி மக்கள் ரோட்டுக்காக எத்தனையோ வருஷம் மனு கொடுத்தவர்கள். ரோட்டுக்கே அந்தப் பாடு என்றால் நெட்டுக்கு? சிக்னல் எட்டாத 24 ஆயிரத்து 680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க, மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ரூ.26 ஆயிரத்து 316 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் இந்த மலையின் குக்கிராமங்களுக்குக் கிடைத்தது என்ன என்று மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகக் கணக்குச் சொல்ல வேண்டும்.

மலைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், பக்கத்து மலையைக் காட்டுவோம். கல்வராயன் மலையில் உள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். மூளைக்குப் பஞ்சம் இல்லை!

இவர்கள் தங்கிப் படிக்கும் அரசு விடுதிகளில் முதலில் நெட் இணைப்புக் கொடுங்கள். கல்லூரி கம்ப்யூட்டர் அறையை மூன்றரை மணிக்குப் பூட்டாமல், சாயங்காலம் ஆறு மணி வரை திறந்து வையுங்கள். சாவி வைத்திருக்க ஒரு ஆளைப் போடுங்கள். இதற்கு 500 கோடி தேவை இல்லை. பிரின்சிபாலின் ஒரு கையெழுத்து போதும்.