ஆசிரியர் இல்லாத பகுதி

வணிகப் பள்ளி நுழைவுக்கான ஜிமேட் தேர்வின் புதிய வடிவம் 2023 நவம்பர் 7ஆம் தேதி வந்தது. பழைய தேர்வு 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மில் பலருடைய வகுப்பு அட்டவணை இன்னும் பழைய தேர்வுக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை காலை கணித ஆசிரியர், மதியத்துக்கு மேல் ஆங்கில ஆசிரியர், கடைசி இரண்டு வாரத்தில் நேரம் மிஞ்சினால் டேட்டா இன்சைட்ஸ். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் தீர்மானிக்கும் பகுதிக்கு மிச்ச நேரம்தான் கிடைக்கிறது. எந்தப் பகுதியை முதலில் எடுப்பது, எது கடினம் என்று மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த அட்டவணையிலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

நமக்குத் தெரிந்த விவரம்தான், ஆனாலும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கலாம். குவாண்டில் 21 கேள்விகள், வெர்பலில் 23, டேட்டா இன்சைட்ஸில் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம்; ஆக இரண்டேகால் மணி நேரம். கட்டுரை எடுக்கப்பட்டுவிட்டது. குவாண்டிலிருந்து வடிவியல் போயிற்று. வெர்பலிலிருந்து வாக்கியத் திருத்தம் போயிற்று. டேட்டா சஃபிஷியன்சி குவாண்டை விட்டு டேட்டா இன்சைட்ஸுக்குக் குடிபெயர்ந்தது. மூன்று பகுதிகளுக்கும் சம எடை. மொத்தம் 205 முதல் 805 வரை.

இந்த மாற்றத்தில் யார் எதை இழந்தார்கள் என்று பாருங்கள். வடிவியலும் டேட்டா சஃபிஷியன்சியும் கணித ஆசிரியரின் கையிருப்பு, இரண்டும் போய்விட்டன. மியூட் தேர்வுக்கும் எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கும் பல்லாண்டு பாடம் நடத்தி இலக்கணத்தில் ஊறிய ஆங்கில ஆசிரியருக்கு வாக்கியத் திருத்தம்தான் சொந்த வீடு, அதுவும் போய்விட்டது. இப்போது வெர்பலில் இருப்பவை வாசிப்பும் வாதத்தை அலசுவதும் மட்டுமே. டேட்டா இன்சைட்ஸோ இருவருக்கும் சொந்தமில்லாத இடம். கணித ஆசிரியர் அதைத் திறந்தால் மூன்று தாவல்களில் நிறுவன மின்னஞ்சல்கள் நிற்கின்றன. ஆங்கில ஆசிரியர் திறந்தால் அட்டவணையும் வரைபடமும் நிற்கின்றன. இருவரும் மரியாதையாக அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

நம் பிரத்தியேக வகுப்பு மரபு பாடவாரியாக வளர்ந்த மரபு. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வார இறுதி வகுப்பை நம் குடும்பங்களின் வழக்கமாக்கியது. அந்தக் காலத்துத் தேவை பள்ளித் தேர்வு. பள்ளித் தேர்வு பாடவாரியாகத்தான் இருந்தது. அந்த முறை ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸையோ சிங்கப்பூர் இன்சியாடையோ குறிவைத்து வரும் இருபத்தெட்டு வயதுக் கணக்காளருக்கு அதே அச்சு பொருந்தாது.

பொருந்தாமைக்கு எஸ்.பி.எம். பழக்கம் ஒரு காரணம். எஸ்.பி.எம். கணிதத்தின் இரண்டாம் தாளில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. கணக்கைக் கடைசிவரை போட்டு முடிப்பவனே நல்ல மாணவன். கால்குலேட்டரும் கையில் இருக்கும். ஜிமேட் குவாண்டில் கால்குலேட்டர் கிடையாது. டேட்டா இன்சைட்ஸில் திரையிலேயே ஒன்று தருவார்கள். அதுதான் பொறி. கால்குலேட்டரைப் பார்த்ததும் நம் மாணவரின் விரல் தானாகக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது. டேட்டா சஃபிஷியன்சி கேட்பதோ கணக்கின் விடையை அல்ல, விடை காணத் தகவல் போதுமா என்பதை.

வகுப்பில் கொடுக்க ஓர் உதாரணம். ஊழியர் சேமநிதி வாரியம் 2023க்கு அறிவித்த வழக்கமான சேமிப்பு இலாப ஈவு 5.50 விழுக்காடு, 2024க்கு 6.30. இதை வைத்து இப்படி ஒரு கேள்வி அமைக்கலாம்: வழக்கமான சேமிப்புக்கு வாரியம் 2024க்கு வழங்கிய மொத்த ஈவுத்தொகை 2023ஐ விட அதிகமா? முதல் கூற்று: விகிதம் உயர்ந்தது. இரண்டாம் கூற்று: ஈவு கணக்கிடப்பட்ட மொத்தச் சேமிப்பு உயர்ந்தது. தனித்தனியே எதுவும் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும். ஓர் எண்ணைக்கூடப் பெருக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுத்துப் பாருங்கள்: பாதி வகுப்பு, மொத்தச் சேமிப்பு எத்தனை பில்லியன் என்று எழுதவில்லையே, சார், என்று கேட்கும். அதே எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 5.50இலிருந்து 6.30க்குப் போனது 0.80 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு; விழுக்காட்டில் சொன்னால் ஏறத்தாழ 14.5. அட்டவணைக் கேள்விகளில் நம்மவர்கள் சறுக்கும் இடங்களில் இது முதன்மையானது. புள்ளிவிவரத் துறையின் மாநிலவாரி விலைவாசி அட்டவணை, புர்சா மலேசியாவில் வரும் காலாண்டு அறிக்கை என்று உள்ளூரிலேயே இதற்குப் பயிற்சிப் பொருள் கொட்டிக்கிடக்கிறது. வெளிநாட்டுப் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வரும் ஆண்டுகளில் இது பெரிதாகப் போகிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் மாறின. இன்று நம்மிடம் வரும் இருபதுகளின் பிற்பகுதிக்காரர்கள் பெரும்பாலும் அந்தத் திட்டத்துப் பிள்ளைகள். 'ரேஷியோ', 'ரிமெயின்டர்' என்று கேட்டதும் புரிந்துகொள்பவர்கள். 2009 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்த முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு முதலாம் ஆண்டில் நுழைந்தவர்கள் கணிதத்தைத் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள். 2016இலிருந்து வந்த இருமொழித் திட்ட வகுப்பு கிடைத்த சிலருக்கு மட்டும் ஆங்கிலம். இவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் நம் வகுப்புகளை நிரப்பப் போகிறார்கள். எண்ணறிவில் இவர்கள் முன்னவர்களுக்கு இளைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். தாய்மொழியில் அடிப்படை போட்டவர்கள் என்பதால் சிலர் மேலாகவே இருக்கலாம். தாமதம் வேறிடத்தில் வரும்: தள்ளுபடி கழித்த வருவாய், இருப்புச் சுழற்சி, ஒப்பந்தக் காலம் என்று வணிக ஆங்கிலம் மூன்று தாவல்களில் பரவிக் கிடக்கும் கேள்வித் தொகுப்பில். டேட்டா இன்சைட்ஸில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டேகால் நிமிடம்தான். ஒரே கேள்விக்குள் மூன்று ஆம் இல்லை இருந்தால் மூன்றும் சரியாக வேண்டும். பாதிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது.

இனி, கடினம். தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர் சொல்லும் முதல் வாக்கியம் 'இன்றைக்குக் குவாண்ட் ரொம்பக் கஷ்டம்' அல்லது 'ரொம்ப லேசு'. இரண்டிலும் தகவல் ஏதும் இல்லை. ஜிமேட் 1997இலிருந்தே கணினித் தகவமைப்புத் தேர்வு. மாணவரின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. சரியாகப் போட்டால் கடினம் ஏறும், தவறினால் இறங்கும். நன்றாக எழுதுபவருக்குத் தேர்வு கடினமாகத்தான் இருக்க வேண்டும். போதாததற்கு மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் ஊடே வரும். நடுவில் திடீரென ஒரு சுலபமான கேள்வி வந்தால் 'கீழே விழுந்துவிட்டேன்' என்று மாணவர் பதறுகிறார். அந்தப் பதற்றத்தில் அடுத்த மூன்று கேள்விகளை உண்மையிலேயே கெடுத்துக்கொள்கிறார். கேள்வியின் கடினத்தைக் கொண்டு தன் மதிப்பெண்ணை ஊகிக்கும் இந்த வேலையை வகுப்பில் நாமே ஊக்குவிக்கிறோம். 'இது 700 நிலைக் கேள்வி' என்று பலகையில் எழுதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பழைய 700 இன்றைய அளவுகோலில் ஏறத்தாழ 645க்கு நிகர் என்பதால், அந்த எண்ணுக்கே இப்போது பொருள் மாறிவிட்டது என்பது வேறு விஷயம்.

முதல் பத்துக் கேள்விகளே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன என்பது இன்னொரு நம்பிக்கை. அதை நம்பி முதல் ஏழுக்கு இருபது நிமிடம் செலவிட்டவர், கடைசியில் நான்கு கேள்விகளை விடையின்றி விடுகிறார். விடையின்றி விட்ட கேள்விக்குத் தண்டனை உண்டு. குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு நகர்வது அதைவிட மேல்.

இங்கே இந்தியக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாணவர்கள் இரவில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஐ.ஐ.எம்.களின் கேட் தேர்வுக்காகச் செய்யப்பட்டவை. அருமையான ஆசிரியர்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட் தேர்வில் பகுதிகளின் வரிசை நிலையானது. பகுதிக்கு 40 நிமிடம். பகுதிக்குள் எந்தக் கேள்விக்கும் தாவலாம். தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். 2024இல் மொத்தம் 68 கேள்விகள். அங்கே எதை எடுப்பது, எதை விடுவது என்பதே கலை. 'எல்லாத் தொகுப்பையும் பார், இரண்டை விடு' என்ற அறிவுரை அந்தத் தேர்வுக்குப் பொன். ஜிமேட்டில் முன்னால் நிற்கும் கேள்விக்கு விடை தராமல் அடுத்ததைப் பார்க்கவே முடியாது. அங்கே கற்றதை இங்கே செய்யும் மாணவர், விட வேண்டிய கேள்வியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே நேரத்தை இழக்கிறார். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட ஜி.ஆர்.இ.யோ மூன்றாவது வகை. அங்கே ஒரு பகுதி முழுவதும் எப்படிப் போட்டோம் என்பதைப் பார்த்து அடுத்த பகுதியின் கடினம் அமையும். பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். மூன்றையும் ஒரே வகுப்பில் ஒரே உத்தியோடு நடத்தும் மையங்கள் இருக்கின்றன.

பகுதி வரிசைக்கு வருகிறேன். 2017 ஜூலை வரை ஜிமேட்டில் வரிசை நிலையானது. பிறகு மூன்று தெரிவுகள். இப்போது ஆறும் திறந்திருக்கின்றன. அதனால் வரிசை பெரிய இரகசியம் போல ஆகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய தேர்வின் மொத்த மதிப்பெண்ணுக்கே 30 முதல் 40 புள்ளி வரை அளவீட்டுப் பிழை உண்டு. ஒரே மாணவர் ஒரே திறனோடு இரண்டு நாள் எழுதினாலும் அவ்வளவு மாறலாம். இரண்டு மாதிரித் தேர்வை இரண்டு வரிசையில் எழுதிவிட்டு, 20 புள்ளி கூடிய வரிசையே தன் வரிசை என்று முடிவு செய்வது தற்செயலுக்கு மாலை போடுவது. மொத்த எண்ணைப் பார்க்காமல், ஒவ்வொரு பகுதியின் கடைசி ஐந்து கேள்விகளில் நேரம் எப்படிக் கரைந்தது என்று பாருங்கள். களைப்பு அங்கேதான் தெரியும்.

என் சொந்தச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பில் வேகம் குறைந்த மாணவருக்கு வெர்பலையும் டேட்டா இன்சைட்ஸையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. நடுவில் குவாண்ட் வரட்டும், பத்து நிமிட இடைவேளை டேட்டா இன்சைட்ஸுக்கு முன்னால் அமையட்டும். மனக்கணக்கில் தடுமாறுபவர் குவாண்டை முதலில் முடித்துவிடுவது நல்லது. டேட்டா இன்சைட்ஸைக் கடைசியில் வைப்பதற்கு ஒரே நியாயமான காரணம் அதற்கு முன் இடைவேளை கிடைப்பதுதான். 'அதற்கு நாம் அதிகம் படிக்கவில்லை, எப்படியும் போகட்டும்' என்பது காரணமாகாது. அந்தப் பகுதியில் உலகெங்கும் மதிப்பெண் குறைவாகத்தான் வருகிறது. அதனால் அங்கே வாங்கும் 80, குவாண்டில் வாங்கும் 80ஐ விடப் பெர்சன்டைலில் கணிசமாக உயரத்தில் நிற்கும். நேரம் போட்டால் பலன் தெரியும் இடம் அதுவே.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் மூன்று விடைகளை மாற்றும் வசதியைப் பற்றிச் சுருக்கமாக. அது நேரம் மிஞ்சியவருக்குத்தான். சந்தேகம் வந்த கேள்விகளுக்கெல்லாம் அடையாளம் வைத்தால் கடைசியில் பன்னிரண்டு நிற்கும், மாற்ற நேரம் இருக்காது. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் நிச்சயம் வரும் என்று தோன்றுகிற கேள்விக்கு மட்டும் அடையாளம். சுத்தமாகப் புரியாததற்கு வேண்டாம். இதை மாதிரித் தேர்வில் பழக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் இரண்டே. அவற்றில் ஒன்றைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே 'சும்மா எழுதிப் பார்' என்று வீணாக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

கடைசியாக, பணம். டேட்டா இன்சைட்ஸ் வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்களையும் ஒரே அறையில் நிறுத்துங்கள் என்று சொன்னால் மைய உரிமையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு சம்பளமா என்பது. நியாயமான கேள்விதான், ஜாலான் துன் சம்பந்தனில் அறை வாடகை என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் எல்லா வாரமும் தேவையில்லை. முதல் நான்கு வகுப்புகளில் இருவரும் சேர்ந்து நிற்கட்டும்: ஒருவர் தாவல்களை வாசித்துக் காட்ட, மற்றவர் எங்கே கணக்குத் தேவையில்லை என்று காட்டட்டும். அதற்குள் இருவரில் யாராவது ஒருவருக்கு அந்தப் பகுதி பிடிபட்டுவிடும். பிறகு அதை அவரிடம் ஒப்படைத்து, அட்டவணையில் அவர் பெயரையே எழுதுங்கள். இரண்டு சம்பளத்தைக் கணக்கிடும்போது இதையும் நினையுங்கள்: மறுதேர்வு எழுதும் மாணவர் ஒவ்வொரு முறையும் கட்டும் கட்டணமே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது.