அடியை எண்ணாத ஆட்டம்

நம் நாட்டில் கோல்ப் ஆட்டம் புதியதன்று. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ப் கழகம் 1829-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. எனினும், ஆர்வத்தோடு தொடங்குவோரில் பலர் சில திங்களிலேயே மட்டைகளைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். என் மகனும் அவ்வாறே செய்தான். குற்றம் என்னுடையது. ஆட்டம் முடிந்ததும் அவன் அடித்த அடிகளைக் கூட்டிப் பிறர் செவியில் விழும்படி படிப்பேன். ஓராண்டுக் காலம் அவன் என்னோடு வரவேயில்லை.

பதினெட்டுக் குழிகளுக்கும் எல்லா அடிகளையும் கூட்டும் முறையில் ஒரு குழியில் நேர்ந்த பிழை இறுதிவரை தலைச்சுமையாகத் தொடரும். இந்நோய்க்கு மருந்து கண்டவரும் ஒரு மருத்துவரே. டாக்டர் பிராங்க் ஸ்டேபிள்போர்டு 1898-இல் வேல்ஸ் நாட்டில் தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கழகத்தில் அது முறையான போட்டியாயிற்று. இக்காலத்தில் அதன் கணக்கு எளியது. குழிக்கு வகுத்த 'பார்' அளவில் முடித்தால் 2 புள்ளி. ஓரடி மிகுந்தால் 1. ஓரடி குறைந்தால் 3. ஈரடியோ அதற்கு மேலோ மிகுந்தால் சுழி; அதற்குக் கீழே இறக்கமில்லை. மணற்பள்ளத்தில் தடுமாறியவரும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு மனச்சுமையின்றி நடக்கலாம். புதிதாய்ப் பழகுவோருக்கு 'ஹாண்டிகேப்' சலுகையும் சேர்வதால் புள்ளிகள் எட்டாக்கனியாகா.

குடும்பத்தோடு ஆடுவோர்க்கு 'ஸ்கிராம்பிள்' ஏற்றது. ஓரணியில் உள்ள அனைவரும் அடிப்பர். அவற்றுள் நன்றாய் விழுந்த பந்தின் இடத்திலிருந்து அனைவரும் மீண்டும் அடிப்பர். பத்து வயதுச் சிறுமி உருட்டிய பந்து அணியின் மானத்தைக் காப்பதும் உண்டு!

என் மகனைத் திரும்ப அழைத்து வந்தது 'போர்சம்ஸ்'. இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம் இது. நான் புதருக்குள் தள்ளிய பந்தை அவன் வெளியே எடுத்தான். அவன் குறைத்து உருட்டியதை நான் முடித்தேன். யார் எத்தனை அடி என்று படித்துக் காட்ட அங்கே கணக்கே இல்லை.

தனியே பயில்வோர்க்கும் ஒரு வழி உண்டு. இரண்டு பந்துகளை அடித்து, அவற்றுள் மோசமாக விழுந்ததன் இடத்திலிருந்தே மீண்டும் இரண்டையும் அடிக்க வேண்டும். தற்செயலாய் வாய்த்த நல்லடி இங்கே உதவாது. இரண்டு அடியும் செவ்வையாய் அமைந்தாலே முன்னேறலாம். பின்னால் பிறர் காத்திருக்கும் நாளில் மட்டும் இதைத் தவிர்ப்பது பண்பு.

குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் ஆட்டத்தில், எதிராளியின் அடுத்த அடியை விட்டுக்கொடுக்கவும் உரிமை உண்டு. 1969-இல் ராயல் பர்க்டேலில் நடந்த ரைடர் கோப்பைப் போட்டியின் கடைசிக் குழியில், டோனி ஜாக்லின் உருட்ட வேண்டியிருந்த சிற்றடியை ஜாக் நிக்லஸ் விட்டுக்கொடுத்தார். போட்டி 16–16 எனச் சமமாயிற்று. மொத்த அடிகளை எண்ணும் முறையில் இத்தகைய கொடைக்கு இடமேயில்லை.

அடுத்த ஞாயிறன்று வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அடியெண்ணும் சீட்டு ஒருநாள் வீட்டிலேயே இருக்கட்டும்.