காளானும் மறதியும்

ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துப் பேணும் குடும்பங்கள் நம்மிடையே பல. அடுப்பில் பால் வைத்ததை அன்னையார் மறப்பதும், பேரன் பெயரை மாற்றி அழைப்பதும் கண்டு பிள்ளைகள் கலங்குகின்றனர். அத்தகைய அன்பர் சிலர், “சிங்கப் பிடரிக் காளான் பொடி நினைவாற்றலை மீட்குமாமே, வாங்கலாமா?” என வினவியுள்ளனர். நாம் அறிந்தவற்றைக் கூறுவோம்.

வெண்சடைபோல் தொங்கும் இக்காளானைச் சீனரும் ஜப்பானியரும் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். நரம்பு உயிரணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதம் ஒன்று நம் உடலில் உண்டு. அதனைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையார் 1986இல் நோபெல் பரிசு பெற்றார். இக்காளானிலுள்ள சில பொருள்கள் அப்புரதம் உண்டாவதைத் தூண்டுதல் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டது. எதிர்பார்ப்பு எழுந்தது இதனாலேயே.

2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், சிறிதளவு மறதியுடைய 50 முதல் 80 வயது வரையினர் 30 பேர் பங்குகொண்டனர். 16 வாரம் காளான் மாத்திரை உண்டோர், வெற்று மாத்திரை உண்டோரினும் சோதனையில் மேம்பட்டனர். நிறுத்திய நான்கு வாரத்தில் அப்பயன் குறைந்தது. சிங்கப்பூரில் 663 முதியோரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். வாரம் இரு முறைக்கு மேல் சாதாரணக் காளான் வகைகளை உண்டோரிடம் மறதிக் குறை ஏறத்தாழப் பாதியளவே காணப்பட்டது. ஆயினும் முன்னதில் பங்குகொண்டோர் முப்பதின்மரே. பின்னது, காளானே காரணம் என நிறுவவில்லை.

ஆதலின் கடைத்தெருவில் கிடைக்கும் மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் நல்லுணவாகச் சமைத்து உண்ணலாம். விலையுயர்ந்த பொடியை மருந்தென நம்பிக் காலத்தைக் கடத்தலாகாது. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி தோன்றும்; இவை சீர்செய்யத் தக்கவை. புலால் உண்ணாத இல்லங்களில் பி12 குறைவு மிகுதி. எனவே முதலில் மருத்துவரைக் காண்க. இரத்தப் பரிசோதனை செய்க.

இன்னொன்றும் உண்டு. காது மந்தமும் தனிமையும் மறதி நோய்க்கு வழிகோலுவனவற்றுள் வைத்து எண்ணப்படுகின்றன. அயல்மொழி வழங்கும் நகரில், பகலெல்லாம் பேச ஆளின்றிப் பூட்டிய வீட்டில் அமர்ந்திருக்கும் அன்னையாரை நினைமின். பொடி வாங்கும் பொருளைச் சேமித்து, அவரைச் சங்கக் கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள். தமிழில் அளவளாவ நாம் இருக்கின்றோம்.