ஓதத்தின் மேல் அடிக்கிற பெயிண்ட்

எங்க பெரியப்பா மகன் விழுப்புரம் பக்கம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார், இருபது வருசமா. நான் வங்கிக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எஸ்டிமேட் எழுதித் தருபவன். இந்தத் தொழிலில் நேர்மைக்கு என்ன விலை என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது.

ஏமாற்றுவது சுலபம். பிரைமரை விட்டுவிடலாம். தண்ணியை ஏத்தி ரெண்டு கோட்டை ஒண்ணரையா முடிக்கலாம். கதவு, சன்னலைக் கழிக்காமல் சதுர அடி போடலாம். ஓதம் பிடித்த சுவரைப் பட்டி பார்த்து மூடிவிடலாம். பொங்கலுக்குப் பளபளக்கும், ஐப்பசி மழையில் உப்புப் பூத்து உரியும்.

அண்ணன் செய்வதில்லை. "மொதல்ல கசியற பைப்பப் பாருங்க, செவுரு காயட்டும், அப்பறம் அடிக்கலாம்" என்பார். வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். கிடைத்த வீட்டிலும் காலனிக்காரன் என்று தெரிந்தால் பீரோ இருக்கும் அறைக்குப் பூட்டு. பூசையறைச் சுவருக்கு அவர் கை வேண்டும். குடிக்கத் தண்ணி மட்டும் வாசலில். மற்றவன் ஏமாத்தினா அது தொழில் சூட்சுமம். நம்ம ஆள் மேல் சந்தேகம் வந்தாலே சாதிப் புத்தி.

இது யாருக்கும் குலத்தொழில் இல்லை. பெரியப்பா பறையடித்தார், அதை விட்டுத்தான் அண்ணன் பிரஷ் பிடித்தார். 2023இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 பரம்பரைத் தொழில்கள். செருப்பு தைப்பது உண்டு, துணி வெளுப்பது உண்டு, முடி வெட்டுவது உண்டு. பெயிண்டர் இல்லை. அப்பன் தொழிலிலேயே கிடந்தால் கடன் தேடி வரும். அதைவிட்டு வெளியே வந்தவன் என்ன செய்வான்?

சாரத்துக்கும் ஆட்களின் முன்பணத்துக்கும் அண்ணன் ஒரு லட்சம் கடன் கேட்டு என் கிளைக்கே வந்தார். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம். சொத்துப் பிணை கேட்கக் கூடாது. "நெலப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். விதி எனக்குத் தெரியும். ரெண்டு மேசை தள்ளி நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 'ஒன் ஆளுக்காகப் பேசறியா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். வாய் திறக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்க்காமலே படியிறங்கினார்.

அன்றைக்கு ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்தவன் நான்.

தோழர்களே, நேர்மையா உழைச்சா முன்னேறலாம் என்று நம் பிள்ளைகளுக்கு மேடைதோறும் சொல்கிறோம். அந்த நேர்மைக்கான செலவு முழுவதையும் சாரத்தில் நிற்கிறவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? இட ஒதுக்கீட்டில் வந்து மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்குப் பங்கில்லையா? சிபாரிசு வேண்டாம். விதியை உரக்கப் படித்தால் போதும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கொடு என்று கேட்டால் போதும். படிக்கிற தம்பி தங்கைகள் ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு கூடப் போனால் இன்னும் நல்லது.

அண்ணனின் விண்ணப்பத்தை மறுபடி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். கவுண்டருக்கு வெளியே அவர் பக்கத்தில் நிற்பேன்.